வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் டீ

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்போது நாங்கள் புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு சொல்தா வீட்டு மாடியில் குடியிருந்தோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்காரர் மகளோடு பிரான்ஸுக்கே போய்விட்டதால் கீழ்வீடு பூட்டியே கிடக்கும். மாடியில் நானும் என் மனைவியும் மட்டும். இரண்டே அறைதான். ஆனால் பள்ளிவாசல் பாங்கு சத்தமும் கடல் காற்றும் ஒன்றாக உள்ளே வரும் அந்த மாதிரி வீடு எனக்கு இனி அமையாது. இப்போது சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனாலும் கனவில் நான் ஏறுவது அந்த வீட்டு மாடிப்படிதான்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தரப் பரிசோதனைப் பிரிவு. மூடியில் கீறல் இருக்கிறதா, விளிம்பில் பிசிறு இருக்கிறதா, மறை சரியாக ஏறுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதாவது குறை கண்டுபிடிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வேலை முடிந்த பிறகும் என்னை விட்டுப் போகாது. குழம்பில் உப்பு, சட்டையில் பட்டன், ஆட்டோக்காரர் போகிற வழி என்று எதையும் நான் ஒரு முறை சோதித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

காலை ஆறு மணி ஷிஃப்ட் என்பதால் பாங்கு சொல்வதற்குள் எழுந்துவிடுவேன். முதல் வேலை டீ போடுவது. என் டீயைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது, ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, மேலே ஆடை கட்டுகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த டீயை என் மனைவியின் தலைமாட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயம் தெரிந்து கம்பெனியில் என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. எனக்கோ அதில் உள்ளூரப் பெருமைதான். அவள் டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்கள் நிதானமாகப் பேசிக்கொள்வோம். அதற்குப் பிறகு நான் தொழுதுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கல்யாணமான மூன்றாம் வருடம் அவள் உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு செய்த பரிசோதனையில்தான் அவளுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று தெரிந்தது. டி.எஸ்.எச். என்று ஒரு எண், தைராய்டு குறையக் குறைய அது ஏறுமாம். அது இறங்கிக் கட்டுக்குள் வரட்டும், அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றி யோசிக்கலாம், அதுவரை அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்து, "காலையில எழுந்ததும் வெறும் வயித்துல போடுங்க. அரை மணி, முக்கால் மணி கழிச்சு சாப்பிடலாம்" என்றும் தெளிவாகச் சொன்னார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. என் மனைவிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்த எண் இறங்குவதற்காக நாங்கள் காத்திருந்தோம்.

அது இறங்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் பார்த்தார்கள். கொஞ்சம்போல் குறைந்து, அடுத்த முறை பழையபடி ஏறி நின்றது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "தினமும் போடுறேன் டாக்டர், வெறும் வயித்துலதான்" என்றாள் என் மனைவி. அன்று வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. அந்தக் கேள்வி என் மண்டைக்குள் நுழைந்துவிட்டது.

அடுத்த தெருவில் என் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா அதற்கு எண்ணெய் ஊற்றினார். "மாத்திரைய வாயில போடுறாளா, வெளிய போடுறாளான்னு நீ பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் இருக்கும்போதே, அவளுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். பதில் சொல்லாததும் ஒரு பதில்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி எழுதப் போவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மாத்திரை பாட்டிலைத் திறந்து, பழைய பேப்பரில் கொட்டி எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கையைக் காலண்டருக்குப் பின்னால் பென்சிலால் குறித்து வைத்தேன். பத்து நாளில் சரியாகப் பத்து குறைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நான் தரப் பரிசோதனைக்காரன் ஆயிற்றே. தினமும் ஒன்றை எடுத்து வெளியே போட்டாலும் கணக்கு சரியாகத்தான் வரும் என்று யோசித்தேன். குப்பைக்கூடையைக் கிளறினேன். ஜன்னலுக்கு வெளியே, கீழ்வீட்டு முற்றத்தில் வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் காகம் போட்ட எச்சத்தை மாத்திரை என்று நினைத்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

ஒரு நாள் காலண்டர் ஆணியிலிருந்து கழன்று விழ, அந்தப் பென்சில் குறிகளை அவள் பார்த்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மறுநாள் காலை நான் டீயோடு வந்தபோது பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க. இனிமே நீங்களே எடுத்துக் குடுங்க. நான் அத தொட மாட்டேன்."

சரி என்று நானும் அதை வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டீ டம்ளர். அவள் என் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊற்றி விழுங்குவாள். முன்பாவது தண்ணீரில் விழுங்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று நான் நின்ற நிலையில் அவசரப்படுத்தியதில், தண்ணீரும் போய்விட்டது. இப்படி ஒன்றரை மாதம் நானே என் கையால் கொடுத்துவிட்டுப் போய்ப் பரிசோதித்தால், எண் முன்பைவிட அதிகம்.

இப்போது அவளைச் சந்தேகப்பட வழியில்லை. அதனால் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். மருந்துக்கடையில் போய், போலி மருந்து விற்கிறீர்கள் என்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டேன். கடைக்காரர் பாவம், பெட்டியைப் பிரித்து அதில் அச்சிட்ட தயாரிப்பு எண்களையெல்லாம் காட்டினார். நான் கேட்கவில்லை. வேறு கடைக்கு மாறினேன். டாக்டரம்மா மூன்றாவது முறையாக அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளே பிறை தெரிந்து நோன்பு தொடங்கிவிட்டது.

அந்த வருடம் நோன்பு நல்ல வெயில் காலத்தில் வந்தது. விடிவதற்கு முன் சாப்பிடுகிற ஸஹர் சாப்பாட்டுக்காக என் மனைவி மூன்றேகாலுக்கே எழுந்துவிடுவாள். நான் தூக்கக் கலக்கத்தோடு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் சாய்ந்துவிடுவேன். அவள் சோறு வடித்து, குழம்பைச் சுட வைத்து, எங்கள் இருவருக்கும் தட்டு போடும்போது நாலு மணி ஆகியிருக்கும். டீ குடித்தால் பகலில் நாக்கு வறண்டு போகும் என்று ஸஹரில் டீயே கிடையாது. தயிர் சோற்றோடு முடித்துக்கொள்வோம். டீயெல்லாம் நோன்பு திறந்த பிறகுதான்.

இருபது நோன்பு தாண்டியதும் அவளுக்குப் படபடப்பு வர ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். கை நடுங்கியது. நோன்பு அசதி என்று நினைத்தோம். பெருநாள் அன்று பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை, எண், எல்லாம் மறந்துபோனது. இவள் எனக்கு வேண்டும் என்பது மட்டும்தான் அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினோம். இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தைராய்டோடு சேர்த்துச் சர்க்கரையும் பார்த்துவிடலாம், காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போங்கள் என்றார். அதன்படி அடுத்த நாள் காலை அவளுக்கு வழக்கம்போல மாத்திரையும் டீயும் கொடுத்து, பெருநாள் பலகாரம் எதையும் தொட விடாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

லேபில் ரத்தம் எடுப்பவர் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். என் மனைவியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?"

"ஆமாக்கா."

"ஒண்ணுமே சாப்பிடலியே?"

"இல்லக்கா. டீ மட்டும்தான்."

அக்கா பட்டையை அவிழ்த்தார். டீ குடித்துவிட்டு வந்தால் அது எப்படி வெறும் வயிறு, நாளைக்கு வாருங்கள் என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "டீ என்னக்கா சாப்பாடா? தண்ணி மாதிரிதானே" என்று நடுவில் புகுந்தேன். உண்மையில் எங்கள் வீட்டில் மட்டுமா, நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே பேசுகிறோம்? வெறும் வயிற்றில் டீ குடித்தேன் என்கிறோம். டீயை நாம் வயிற்றுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்.

"தைராய்டு மாத்திரை போடுறியாமா? அத எதுல முழுங்குற?"

என் மனைவி ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவரு குடுக்குற டீயிலதான்."

அந்த அக்கா கடலோரத்துப் பிள்ளைச்சாவடிக்காரர். அவருடைய அம்மா மீன் விற்கிறவர். அவருக்கும் இதே மாத்திரை, இதே கதை. "எங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கப் போயிடுவாங்க. டீ குடிக்காம கூடையத் தூக்க மாட்டாங்க. மாத்திரையும் டீயும் ஒண்ணா உள்ள போனா மாத்திரை பாதி வேஸ்ட்டு. அப்புறம் டாக்டர கேட்டுட்டு ராத்திரிக்கு மாத்துனோம், இப்ப நல்லா இருக்காங்க" என்றார். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, எங்களுக்காக ஐந்து நிமிடம் நின்று இதைச் சொன்னார். நாளைக்கு மாத்திரை கூடப் போடாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் டீ விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் வரிசையாகப் புரிந்தது. இறங்காத எண், கூட்டிக் கூட்டி எழுதிய அளவு, ஸஹரில் டீ இல்லாமல் போன மாதத்தில் மட்டும் அவளுக்கு வந்த படபடப்பு. ஒரு வருடமாக நான் குறை தேடியது அவளிடத்தில். குறை என் டம்ளரில் இருந்தது.

"எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"டீக்காக கோவம் இல்ல. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். "எண்ணுனீங்கல்ல. அதுக்குத்தான்."

கம்பெனியில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி உள்ளே போய்த் தைத்ததில்லை. ரோட்டில் நின்றுகொண்டே அழுதேன். முப்பத்தாறு வயது ஆள், லேப் வாசலில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. என்ன ரிசல்ட்டோ என்று உள்ளே போனவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ரிசல்ட் வந்தபோது எண் அடியில் போய்க் கிடந்தது. டாக்டரம்மா டீ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நோன்புலதான் நீங்க மாத்திரைய மாத்திரையா சாப்பிட்டிருக்கீங்க" என்றார். கூட்டி எழுதியதெல்லாம் டீ வீணாக்கியதற்கும் சேர்த்துக் கொடுத்த அளவு. டீ விலகிய மாதத்தில் அவ்வளவும் உடம்பில் சேர்ந்து நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் இதயத்துக்கு ஆபத்தாகியிருக்கும் என்றார். அளவைக் குறைத்தார். காலையோ இரவோ, எந்த நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் வயிறு உண்மையிலேயே காலியாக இருக்கிறதா, தினமும் அதே நேரத்தில் போட முடிகிறதா என்பதுதான் முக்கியம், உங்களுக்கு எது தோதோ அதைச் சொல்லுங்கள் என்றார்.

அன்று மாலையே அம்மாவிடம் போனேன். அவள் எதையும் வெளியே போடவில்லை, நான்தான் கெடுத்தேன் என்று, அண்ணி, அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். மறுநாள் அம்மா எங்கள் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்து, என் மனைவியின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று இரவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டு, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு டீ என்று அட்டவணை தயாரித்தேன். என் முடிவு, இரவு. ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மாத்திரை. அப்போதுதான் காலை டீ தப்பிக்கும். என் மனைவி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

"நேரத்த நான் பாத்துக்குறேன். பாங்கு சொல்லும்போது போட்டுக்குறேன். ஊருக்கே கேக்குது, மறக்காது. தொழுதுட்டு, ஓதி முடிச்சு, வீட்டு வேல பாத்தா ஒரு மணி நேரம் ஓடிடும்."

"அப்ப டீ?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஏக்கம் எனக்கே கேட்டது.

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

"எனக்கு டீயே புடிக்காதுங்க. அந்த ஆடை நாக்குல பட்டாலே கொமட்டும். கல்யாணமான மறுநாள் அவ்ளோ ஆசையா எடுத்துட்டு வந்து நின்னீங்க. வேணான்னு சொல்ல மனசு வரல. அப்புறம் சொல்லவே நேரம் வரல."

நான்கு வருடம். தினமும் ஒரு டம்ளர். எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கிறாள். அவள் மாத்திரையைத் துப்புகிறாளா என்று நான் வேவு பார்த்த அதே நாட்களில், துப்ப வேண்டியதை அவள் துப்பாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப காலையில எப்படிப் பேசுறது?" என்று அசடு மாதிரி கேட்டேன். "டீ இல்லன்னா வாய் தொறக்காதா?" என்றாள். மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் வெறுங்கையோடு உட்கார்ந்து பேசினோம். அந்த வீட்டின் விடியற்காலைகளில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பவை அவைதான்.

இரண்டு மாதத்தில் எண் ஒழுங்கானது. அடுத்த வருடம் எங்கள் மகள் பிறந்தாள். இனிப்பு எடுத்துக்கொண்டு லேப் அக்காவைப் பார்க்கப் போனேன். அவருக்கு எங்களை ஞாபகமே இல்லை. "எந்த டீ சார்?" என்று கேட்டார். தினமும் நூறு பேருக்குச் சொல்கிறவர், அதில் நாங்கள் யாரோ இருவர். ஆனாலும் இனிப்பை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த மருந்துக்கடைக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரருக்கு மட்டும் என்னை நன்றாக ஞாபகம் இருந்தது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. என் மனைவிக்கு அந்த மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. பாட்டில் தீர்வதும் புதிது வாங்குவதும் அவள் பாடு. மாத்திரை போட்டாயா என்று கேட்பது அக்கறையான கேள்விதான், ஆனால் அதை நான் ஒரு வருடம் போலீஸ்காரன் குரலில் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் இன்னும் எனக்குள் எங்கோ இருக்கிறது என்ற பயத்தில், இன்றுவரை அந்தக் கேள்வியை நான் அவளிடம் மறுபடி கேட்டதே இல்லை.